கோட்டை, ரோப் கார், கடைசித் தாள் இல்லாத ஒரு உளவு நாவல்

வெயிலூரான் | சனி, இரவு 10.20

முதல்லயே சொல்லிடறேன், இந்த இழையில கதையோட முடிச்சு எல்லாம் அவிழும். அலிஸ்டர் மெக்லீனோட ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ படிக்கணும்னு நினைக்கிறவங்க இங்கேயே வண்டியைத் திருப்பிக்கலாம்.

போன வாரம் பழைய புத்தக வண்டியில முப்பது ரூபாய்க்கு எடுத்தேன். 1967-ல வந்த நாவல், என் கையில இருக்கறது எப்பவோ போட்ட பேப்பர்பேக். ரெண்டு ராத்திரியில முடிச்சேன். முடிச்சேன்னு சொல்றதே தப்பு, அதைக் கடைசியில சொல்றேன்.

கதை இதுதான். ரெண்டாம் உலகப் போர். நேச நாடுகளோட படையெடுப்புத் திட்டம் முழுசும் தெரிஞ்ச ஒரு அமெரிக்க ஜெனரல் ஜெர்மன்காரங்க கையில மாட்டிக்கிறார். பவேரியா மலை உச்சியில ஒரு கோட்டை, ஷ்லோஸ் ஆட்லர். மேல போக ஒரே வழி கேபிள் கார். அவரைத் தூக்கிட்டு வர மேஜர் ஸ்மித் தலைமையில ஏழு பேரை பாராசூட்ல இறக்கறாங்க. ஆறு பேர் பிரிட்டிஷ், ஷாஃபர் மட்டும் அமெரிக்கன். இறங்கின உடனே ரேடியோ ஆள் கழுத்து முறிஞ்சு கிடக்கறான். அப்புறம் இன்னொருத்தன். கூட வந்தவங்கள்லயே துரோகி இருக்கான்னு புரியுது.

நல்லதை முதல்ல சொல்லணும். வேகம். முதல் பக்கத்துலயே லங்காஸ்டர் விமானத்துல குலுங்கிக்கிட்டு இருக்கோம், நாலு இன்ஜின் சத்தத்துல பல்லு கூசுது. பைப் புகைக்கிற பைலட், வெளிய பனிப்புயல். இந்த ஊர் மே மாசத்துல, ஃபேனும் நின்னுபோன ராத்திரியில, எனக்குக் கை விறைச்ச மாதிரி இருந்துச்சு. சாதாரண விஷயமில்லை அது. இடம் மனசுல நிக்குது. கேபிள் கார் நிலையம் எங்க, ஜன்னல் எங்க, முற்றம் எங்கன்னு எனக்கு இப்பவும் வரைபடம் போட முடியும்.

என் சண்டை வேற இடத்துல. ஸ்மித்துக்கு ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே தெரியும். ஜெனரல் நிஜ ஜெனரல் இல்லை, வேஷம் போட்ட நடிகர்னு தெரியும். அதே விமானத்துலேர்ந்து மேரின்னு ஒரு பொண்ணும் குதிச்சிருக்கான்னு தெரியும். வந்த வேலையே மீட்பு இல்லை, பிரிட்டனுக்குள்ள இருக்கற ஜெர்மன் ஒற்றர் பட்டியலைக் கறக்கறதுதான்னு தெரியும். இருநூறு பக்கம் அந்த ஆள் தோள்லயே உக்காந்து வர்ற நமக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. இதை ட்விஸ்ட்னு சொல்றதா, ஏமாத்துன்னு சொல்றதா? மளிகைக் கடைக்காரர் தராசுக்கு அடியில புளி ஒட்டி வெச்ச மாதிரி எனக்குப் படுது.

கடைசி விஷயம்: என் பிரதியில கடைசித் தாள்கள் இல்லை. பஸ்ஸை ஓட்டிக்கிட்டு விமான நிலையம் வரைக்கும் வந்துட்டாங்க, விமானம் இறங்கியாச்சு, அதோட கிழிஞ்சுபோச்சு. லண்டன்ல இருக்கற பெரிய துரோகி யார்னு எனக்குத் தெரியாது. தயவு பண்ணி யாரும் சொல்லாதீங்க.


பாலாறு_மணல் | சனி, இரவு 10.31

இன்னாபா இது, படம் 68-லயே வந்துச்சே. ரிச்சர்ட் பர்ட்டன், கிளின்ட் ஈஸ்ட்வுட். நான் படம் மட்டும்தான் பாத்தேன். ஈஸ்ட்வுட் துப்பாக்கியில குண்டே தீராது. நம்ம ஊரு குடிநீர்க் குழாய்ல அப்படி வந்தா எப்படி இருக்கும். கடைசியில அந்த ஆளு விமானத்துலேர்ந்து [எழுதியவரே நீக்கிவிட்டார்]

சாரி தலைவா. கை முந்திடுச்சு.


முள்ளுக்கத்திரி | சனி, இரவு 11.05

வெயிலூரான் சார், தராசுப் புளி உவமை ஜோர். ஆனா தீர்ப்பு தப்பு.

மெக்லீன் ஒரு இடத்துலயும் ஸ்மித் மண்டைக்குள்ள போய் ‘அவன் இதை நினைத்தான்’னு பொய் சொல்றதில்லை. செய்யறதைக் காட்டறார், பேசறதைக் கேக்க வைக்கிறார், அவ்வளவுதான். ரேடியோ ஆள் செத்த இடத்தைத் திரும்பப் படிங்க. மத்தவங்ககிட்ட ஸ்மித் விபத்துன்னு சொல்லிட்டு நகர்றான். பொய் சொல்றது பாத்திரம். கதை சொல்றவர் வாயைத் திறக்கலை. வாய் திறக்காம இருக்கறது பொய் ஆகுமா?

அந்தப் பெரிய ஹால் காட்சிக்காகவே புத்தகத்தை மூணு தடவை படிச்சவன் நான். கர்னல் கிராமர், ரைஷ்மார்ஷல் ரோஸ்மேயர்னு பெரிய ஜெர்மன் அதிகாரிங்க, கணப்பு எரியுது, மது கோப்பை. ஸ்மித் துப்பாக்கியோட உள்ளே வர்றான். திடீர்னு ஷாஃபரையே ஆயுதத்தைக் கீழ போடச் சொல்றான், நான் ஜெர்மன் ஆளுங்கறான். ஷாஃபர் முகம் செத்துப்போகுது, நம்ம முகமும்தான். பத்து பக்கம் கழிச்சு திரும்ப ஒரு கவிழ்ப்பு. அதுக்குள்ள துரோகிங்க மூணு பேரும், தாங்க நிஜ ஜெர்மன் ஒற்றர்தான்னு நிரூபிக்கறதுக்காகத் தங்க கையாலேயே பட்டியலை எழுதி முடிச்சிட்டாங்க. அடிக்கலை, உதைக்கலை. பேனாவும் பேப்பரும்தான். சண்டைக் கதைன்னு எல்லாரும் சொல்ற இந்தப் புத்தகத்தோட உச்சக் காட்சியில மூணு பேர் உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்க!


வெயிலூரான் | சனி, இரவு 11.22

ஹால் காட்சியை நானும் குறை சொல்லலை. ஆனா நம்ம பக்கத்துக் கூத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, துரியோதனன் உள்ளேர்ந்து பாடிக்கிட்டே வருவான். யார் வர்றான்னும் தெரியும், விடியறதுக்குள்ள படுகளத்துல தொடை பிளந்து விழுவான்னும் தெரியும். தெரிஞ்சும் ஊரே பாயைப் போட்டு உக்காந்திருக்கும். மறைக்காமலே ஆளை உக்கார வைக்கறவன்தான் கெட்டிக்காரன்.

ஸ்மித் இரட்டை வேஷம் போடறான்னு நமக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சு, ஷாஃபருக்குத் தெரியாம இருந்தா அந்த ஹால்ல இன்னும் வேர்த்திருக்கும்.


முள்ளுக்கத்திரி | சனி, இரவு 11.30

வேர்த்திருக்கும். அதிர்ந்திருக்க மாட்டோம். ரெண்டும் வேற வேற பலகாரம்.


சோளிங்கர்_1305 | ஞாயிறு, காலை 7.10

எனக்குக் கதை முடிச்சைவிட கேபிள் கார் கூரைச் சண்டைதான். மூணு துரோகிங்களும் உள்ளே தப்பிச்சுப் போறாங்க, ஸ்மித் கூரைமேல. அவங்கள்ல கராச்சோலாங்கறவன் மேல ஏறி வந்து மல்லுக்கட்டறான். கம்பியைத் தாங்கற அந்த இரும்புக் கை நெருங்கி வருது, நசுங்கிப்போறான். ஸ்மித் எதிர்ல வர்ற வண்டிக்குத் தாவறான், இங்க வெச்ச வெடி வெடிக்குது.

எங்க ஊர் யோக நரசிம்மர் மலைக்கு 1305 படி. பேரைப் பாத்தாலே தெரியும், எண்ணி எண்ணி ஏறினவன். 2024-ல ரோப் கார் வந்தப்புறம் அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். நல்ல வெயில், காத்து கம்மி, உள்ளே பத்திரமா உக்காந்திருக்கேன். அப்பவும் கம்பத்தைத் தாண்டும்போது கடகடன்னு ஒரு உதறல் வரும் பாருங்க, அம்மா என் கையை நெரிச்சிட்டாங்க. அந்தக் கம்பத்தைப் பாக்கறப்ப எனக்கு கராச்சோலா ஞாபகம்தான். அம்மாகிட்ட சொல்லலை.

ஆனா ஒண்ணு. பனி உறைஞ்ச கூரை, ராத்திரி, மலைக் காத்து. அதுல ஒரு மனுஷன் நின்னு சண்டை போட்டுட்டு, எதிர்த் திசையில வர்ற வண்டிக்குத் தாவறான். ரெண்டு வண்டி வேகமும் கூடித்தானே வரும்? படிக்கும்போது நம்பினேன். படிச்சு முடிச்சு தண்ணி குடிக்கும்போது நம்பலை. அதுவரைக்கும் நம்ப வெச்சாரே, அது போதாதா?


நைட்_டூட்டி | ஞாயிறு, காலை 9.45

இப்பதான் டூட்டி முடிச்சு வந்தேன். தூக்கம் வர்றதுக்குள்ள எழுதிடறேன்.

படத்தையும் புத்தகத்தையும் ஒண்ணாப் பேசாதீங்க. படத்துல கிராமர், ரோஸ்மேயர் எல்லாரையும் சுட்டுத் தள்ளிடறாங்க. புத்தகத்துல அவங்களுக்கு நெம்பியூட்டால் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறாங்க. நெருப்புல மாட்டின ஒரு ஜெர்மன் காவலாளியைக் காப்பாத்தப் பாக்கற இடமும் இருக்கு. மெக்லீனோட ஸ்மித் தேவையில்லாமக் கொல்ல மாட்டான். இந்தப் புத்தகத்துல எனக்குப் பிடிச்சதே அதுதான், யாரும் சொல்லலைன்னு வந்தேன்.

பிடிச்சதுன்னு சொன்னேன், சரின்னு சொல்லலை. நெம்பியூட்டால்னா பென்டோபார்பிட்டால். அந்த வகை மருந்துல தூங்க வைக்கற அளவுக்கும் மூச்சை நிறுத்தற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. எடை பாக்காம, வயசு பாக்காம ஊசியைப் போட்டுட்டு, மல்லாக்கப் படுக்க வெச்சிட்டுப் போனா நாக்கு பின்னாடி விழும், மூச்சு அடைக்கும். பக்கத்துல உக்காந்து பாக்க ஒரு ஆள் வேணும். மனிதாபிமானம்னு நினைச்சு செஞ்சது சத்தமில்லாத கொலையா முடிஞ்சிருக்க வாய்ப்பு நிறைய. நாவல்ல அதைப் பத்தி யாரும் கவலைப்படறதில்லை.

இன்னொண்ணு, ஜெனரலைப் பேச வைக்க ஸ்கோபோலமின் ஊசியைத் தயாரா வெச்சிருப்பாங்க. உண்மையைக் கக்க வைக்கற மருந்தாம். 1922-ல அமெரிக்காவுல ஒரு டாக்டர் கைதிங்கமேல போட்டுப் பாத்து கிளப்பிவிட்ட பேச்சு அது. நிஜத்துல வாய் உலரும், குழப்பம் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உளறல்ல எது உண்மைன்னு யார் பிரிக்கறது? ஸ்கோபோலமினுக்கு இன்னொரு பேர் ஹையோசின். வயித்துப் பிடிப்புக்கு நாங்க தினம் போடற ஊசி அதோட தம்பி மாதிரி, ஆனா அது மூளைக்குள்ள போகாது. அதனால வார்டுல யாரும் ராணுவ ரகசியம் சொன்னதில்லை. வீட்டு ரகசியம் நிறையக் கேட்டிருக்கேன், அதுக்கு ஊசியே வேண்டாம்.

நம்ம நாட்டுலயும், மருந்து ஊசி போட்டு விசாரிக்கற நார்கோ டெஸ்ட்னு பரபரப்பா இருந்துச்சே. சம்மதமில்லாம அதைச் செய்யக்கூடாதுன்னு 2010-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.


ஆரணிப்பட்டு | ஞாயிறு, காலை 11.15

நைட் டூட்டி அக்கா, நல்லாச் சொன்னீங்க. ஆம்பளைங்க யாரும் எழுத மாட்டீங்கன்னு தெரிஞ்சதால நான் எழுதறேன்: மேரிக்கு இந்தக் கதையில என்ன வேலை?

பேப்பர்ல பாத்தா பிரமாதம். பனியில தனியாக் குதிக்கிறா, போலிப் பேரோட கோட்டைக்குள்ள வேலைக்குச் சேர்றா, மேலேர்ந்து கயிறு இறக்கி ஸ்மித்தை ஏத்தறதே அவதான். அவ இல்லைன்னா ஏழு பேரும் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கணும். ஆனா வாயைத் திறந்தா ‘ஐயோ பயமா இருக்கு’, இல்லைன்னா ‘ஏன் என்கிட்ட சொல்லலை’. ஹைடி எவ்வளவோ தேவலை. மதுக்கடையில ஜெர்மன் சிப்பாய்ங்க நடுவுல தட்டைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா உளவு பாக்கறவ அவ. அவளோட ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில எழுந்ததும் எந்தப் பொய்யை முதல்ல ஞாபகம் வெச்சுக்கணும்? எனக்கு அந்த நாவல் வேணும். இதுல அவளை ஷாஃபர் கிண்டலடிச்சுக் காதலிக்கறதுக்கு வெச்சிருக்காங்க.

அந்தக் கிண்டல் நல்லா இருக்குங்கறதையும் மறைக்கலை. தான் பாதி நேரம் என்ன செய்யறோம்னே தெரியாம ஷாஃபர் அலட்டிக்காம பேசற பேச்சுதான் இந்த நாவலுக்கு ரசம் மாதிரி. ஸ்மித் வெறும் பருப்பு.


ரிட்டயர்டு_வாத்தி | ஞாயிறு, மாலை 5.40

பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறீர்கள். கிழவனும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறேன். அந்த ஆசிரியரும் என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார், அந்தப் பாசம் எனக்கு உண்டு.

மெக்லீன் ஸ்காட்லாந்துக்காரர், 1922-இல் பிறந்தவர். வீட்டில் பேசியது கேலிக் மொழி. ஆங்கிலம் பிறகு கற்றது. போரில் கடற்படையில் இருந்து, ஆர்க்டிக் கடலின் குளிரை உடம்பில் வாங்கியவர். வெயிலூரானுக்கு மே மாதத்தில் கை விறைத்ததற்கு அதுதான் காரணம். 1955-இல் வந்த அவருடைய முதல் நாவலே அந்தக் குளிர்தான். இந்த நாவலையும் படத்தின் திரைக்கதையையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அவரே எழுதினார். ‘மண்டைக்குள் போகவில்லை, செய்வதை மட்டும் காட்டுகிறார்’ என்று முள்ளுக்கத்திரி சொன்னாரே, அது கொள்கையா, கேமராவுக்கு எழுதிய கையின் பழக்கமா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. ஆரணிப்பட்டு அம்மா கேட்ட ஹைடியின் காலைப்பொழுது கிடைக்காமல் போனதும் அதனால்தான்.

என் குறை இதைவிடப் பெரியது. கதையின் அஸ்திவாரமே, பிரிட்டனுக்குள் பெரிய ஜெர்மன் ஒற்றர் வலை இருந்தது என்பது. உண்மை நேர்மாறு. போர்க்காலத்தில் பிரிட்டனில் இருந்த ஜெர்மன் ஒற்றர்களை பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5 பிடித்து, மசிந்தவர்களைத் தன் பக்கம் திருப்பி, அவர்கள் மூலமே பெர்லினுக்குப் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நடத்திய குழுவுக்கு ‘இருபது குழு’ என்று பெயர். ரோமன் எண்ணில் இருபது என்பது XX, இரண்டு பெருக்கல் குறி, அதாவது டபுள் கிராஸ், இரட்டை ஏமாற்று. ‘கார்போ’ என்று பெயரிடப்பட்ட ஸ்பெயின்காரர் ஒருவர் இல்லாத இருபத்தேழு ஆட்களைக் கற்பனையில் படைத்து, அவர்கள் பெயரில் ஜெர்மனியிடம் பணமும் வாங்கினார். நார்மண்டியில் படை இறங்கியபோது, நிஜத் தாக்குதல் கலே பக்கம்தான் வரப்போகிறது என்று நம்பவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு! இதை நாவலாக எழுதியிருந்தால் வெயிலூரான் தராசைத் தூக்கி வீசியிருப்பார்.

ஆனால் மெக்லீனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குழுவின் தலைவர் மாஸ்டர்மேன் எழுதிய கணக்கு 1972-இல்தான் வெளியே வந்தது. நாவல் அதற்கு ஐந்து வருடம் முந்தி.


பாலாறு_மணல் | ஞாயிறு, மாலை 5.52

வாத்தியாரே, இருபத்தேழு ஆளுக்கும் சம்பளம் வாங்கினாரா? நம்ம பக்கம் மஸ்டர் ரோல்ல பாத்திருக்கேன் இந்த டெக்னிக்கை.


முள்ளுக்கத்திரி | ஞாயிறு, மாலை 6.20

வாத்தியார் சொன்னதை ஏத்துக்கறேன், ஆனா அஸ்திவாரத்துல இன்னொரு ஓட்டையை யாரும் தொடலையே. துரோகின்னு சந்தேகப்படற மூணு பேரை நீங்களே விமானம் ஏத்தி எதிரி வீட்டு வாசல்ல இறக்கிவிடறீங்க. இறங்கின அஞ்சாவது நிமிஷம் அவங்க பக்கத்து முகாமுக்கு ஓடிப் போய் ‘ஸ்மித் அந்த மரத்துக்குப் பின்னாடி இருக்கான்’னு சொன்னா கதை ஐம்பதாவது பக்கத்துல முடிஞ்சுது. ஏன் ஓடலை? மூணு தடவை படிச்சும் திருப்தியான பதில் இல்லை. முதல் தடவை அந்தக் கேள்வியே வரலை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்னொரு குறை, பின்பாதி நீளம். ஹால் காட்சிக்கு அப்புறம் கதை முடிஞ்சுபோச்சு. அப்புறம் கயிறு, வெடி, கேபிள் கார், பஸ், பாலம், வரிசையா. அந்தப் பனி பஸ் துரத்தல்ல நான் ரெண்டு பக்கம் தாவினேன். மூணாம் தடவை படிக்கும்போதும் அதே ரெண்டு பக்கத்தைத்தான் தாவினேன்.


வெயிலூரான் | ஞாயிறு, இரவு 8.05

பின்பாதி எனக்கும் அலுத்துச்சு. நடுவுல புத்தகத்தை மூடிட்டுப் போய் மோட்டார் போட்டுட்டு வந்தேன். ஹால் வரைக்கும் அதைச் செஞ்சிருக்க மாட்டேன், டேங்க் காஞ்சாலும் பரவாயில்லைன்னு இருந்திருப்பேன்.

வாத்தியார் சொன்னதைப் படிச்சதும் நம்ம வேலூர்க் கோட்டை ஞாபகம் வந்துச்சு. 1806 ஜூலை 10, சிப்பாய்க் கலகம். அதுக்கு முந்தின மாசமே முஸ்தபா பேக்னு ஒரு சிப்பாய், கலகம் வரப்போகுதுன்னு வெள்ளைக்கார கர்னல் கிட்ட போய்ச் சொல்லிட்டான். கர்னல் என்ன செஞ்சார்? விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிங்க கிட்டயே விட்டார். அவங்கள்லயே சிலர் சதியில இருந்தவங்க. பொய் சொல்றான்னு தீர்ப்பு எழுதி, சேதி சொன்னவனையே சங்கிலி போட்டு அடைச்சாங்க. கலகம் நடந்து முடிஞ்சப்புறம் ரெண்டாயிரம் பகோடாவும் (அந்தக் கால நாணயம்) சுபேதார் பென்ஷனும் கொடுத்தாங்களாம்.

துரோகியைத் தேடற வேலையைத் துரோகி கையிலயே கொடுக்கறது. இதுல ஒளிச்சு வெக்க ஒண்ணுமே இல்லை, முதல் வரியிலயே யார் யார்னு சொல்லிடலாம். சொல்லிட்டு, கலகம் வர்ற வரைக்கும் அவன் சங்கிலியோட உக்காந்திருக்கறதை மட்டும் எழுதினா போதும். மூச்சு முட்டும்.


சோளிங்கர்_1305 | ஞாயிறு, இரவு 8.30

கலகத்தை அடக்க வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டுலேர்ந்து குதிரைப்படையோட வந்தது, மதில் மேல இருந்தவங்க இறக்கின கயித்தைப் பிடிச்சு ஏறினது எல்லாம் அப்படியே கேபிள் கார் காட்சிக்கு ஈடு. ஆனா யார் பக்கம் நின்னு எழுதறது? ஸ்மித்துக்குக் கை தட்டற மாதிரி கில்லஸ்பிக்குத் தட்ட என்னால முடியாது. உள்ளே புகுந்தப்புறம் பிடிபட்டவங்களைச் சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டாங்க.


ஆரணிப்பட்டு | ஞாயிறு, இரவு 8.41

முஸ்தபா பேக் பக்கமும் நிக்க முடியலையே. காட்டிக் கொடுத்தவன்தானே. தலைப்பாகையில தோல் பட்டை, நெத்தியில குறி வெக்கக்கூடாது, தாடியை மழிக்கணும்னு அவமானப்பட்டவங்களை. அந்தச் சங்கடம்தான் உளவுக் கதைக்கு உயிர்னு நினைக்கிறேன். மெக்லீன்கிட்ட அது சுத்தமா இல்லை. நல்லவன் நல்லவன், கெட்டவன் கெட்டவன், வேஷம் மட்டும்தான் மாறும்.

எங்க ஊர்க்காரர் குப்புசாமி முதலியார் நூறு வருஷம் முந்தியே இங்கிலீஷ் துப்பறியும் கதைங்களைத் தமிழ் வேஷம் கட்டி இறக்கினவர். கோட்டைக் கதை அவர் கையில மாட்டலையேன்னு இருக்கு.


நைட்_டூட்டி | ஞாயிறு, இரவு 8.50

டூட்டிக்குக் கிளம்பறேன். வெயிலூரான் அண்ணா, என்கிட்ட முழுப் பிரதி இருக்கு. கடைசித் தாள்கள் பத்திரம். எங்க கேட் பக்கத்து டீக்கடையில கொடுத்து வைக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி, பெரிய துரோகி யார்னு நீங்க நினைக்கறதை இங்க எழுதிட்டுப் போங்க. அப்புறம் பேச்சு மாத்தக்கூடாது.


வெயிலூரான் | ஞாயிறு, இரவு 9.02

எழுதறேன். அட்மிரல் ரோலண்ட். திட்டம் போட்டவரே அவர்தான். ஹால்ல ஸ்மித் கிராமருக்கு மட்டும் ஒரு பேரைக் காட்டறான் பாருங்க, அது அவர் பேர்தான். பந்தயம் ஒரு ஆற்காட்டு மக்கன் பேடா.


முள்ளுக்கத்திரி | ஞாயிறு, இரவு 9.04

(சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறேன்.)


வெயிலூரான் | செவ்வாய், இரவு 9.50

தாள்களை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, மைதா பசை போட்டு ஒட்டிட்டேன். புத்தகம் இப்ப ஒரு பக்கம் கனமா, சாஞ்சு நிக்குது.

கர்னல் வயாட்-டர்னர். விமானத்துல எதிர்ல உக்காந்திருக்கற ஆளையே நான் பாக்கலை. பாராசூட் இல்லாமக் கதவைத் திறந்துக்கிட்டுப் போறான். அந்த இடத்துல மெக்லீன் சத்தமே போடலை, அதுக்கு முன்னாடி வெடிச்ச வெடியெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கதவுக்கு ஈடாகாது.

முதல் அத்தியாயத்தைத் திரும்பப் பாத்தேன். திட்டத்தை விளக்கற காட்சியில அட்மிரலும் கர்னலும் ரெண்டு பேருமே இருக்காங்க. கர்னலை நான் கவனிக்கவே இல்லை. முள்ளுக்கத்திரி, தராசுக்கு அடியில புளி இல்லைன்னு இன்னும் ஒத்துக்கலை. இந்த ஒரு ஆள் விஷயத்துல மட்டும் எடை சரியாத்தான் இருக்கு. மத்தபடி ஸ்மித் எனக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கான்.

மக்கன் பேடா யாருக்கு அனுப்பறது? ஆற்காட்டுக்குப் போற யாராவது இருக்கீங்களா?


பாலாறு_மணல் | செவ்வாய், இரவு 9.53

நான்தான் அன்னிக்கே சொல்ல வந்தேனே. பேடா எனக்கு.